நோய் விளையாட்டாகலாமா?

விளையாட்டு என்னும் சொல்லுக்குத் தமிழர் வழக்கில் இரண்டு மதிப்புகள் உண்டு. குழந்தையின் விளையாட்டைக் கண்டு மகிழாதவர் இல்லை. ஆனால், வளர்ந்த ஓர் இளைஞனைக் குறித்து, 'இன்னும் விளையாட்டாகவே இருக்கிறான்' என்று பெரியவர்கள் சொல்லும்போது அது பாராட்டன்று, கண்டனம். செயலின் விளைவை எண்ணாதவன், பொறுப்பை உணராதவன் என்பதே அதன் பொருள். இவ்விரண்டாம் பொருளை மனத்திற் கொண்டவர்கள், மருத்துவக் கல்லூரிகளிலும் தாதியர் பயிற்சி நிலையங்களிலும் அண்மை ஆண்டுகளில் புகுந்துள்ள ஒரு பயிற்றுமுறையைப்பற்றிக் கேள்வியுற்றால் முகஞ்சுளிப்பர். நோயாளி ஒருவர் உயிருக்குப் போராடும் நிலையைப் பூட்டுகளும் குறிப்புச் சீட்டுகளும் கொண்ட புதிராக்கி, சுவரில் ஒரு கடிகாரத்தை ஓடவிட்டு, மாணாக்கரை அறைக்குள் அனுப்பி, 'நேரம் முடிவதற்குள் வெளியே வாருங்கள்' என்று சொல்வதே அம்முறை. பிறருடைய துன்பத்தைப் பொருளாக வைத்து விளையாடலாமா என்னும் வினா அங்கே எழுகிறது. மருத்துவர்க்கு மட்டுமன்றி, பாடத்தைச் சுவையாக்க விரும்பும் ஆசிரியர் எவர்க்கும் இவ்வினா உரியதாம்.

'எஸ்கேப் ரூம்' என்று இளைஞர் வழங்கும் இதனைப் பூட்டறை விளையாட்டு எனலாம். கணினித் திரையில் மட்டும் ஆடப்பட்டுவந்த ஒருவகைப் புதிரை மெய்யான அறைக்குள் கொண்டுவந்தவர் ஜப்பானியராகிய தக்காவோ காத்தோ. அவர்தம் 'ஸ்க்ராப்' நிறுவனம் 2007ஆம் ஆண்டு கியோத்தோ நகரில் இதனை நடத்தியது. அடுத்த பத்தாண்டுக்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிங்கப்பூர், கோலாலம்பூர்ப் பேரங்காடிகளிலும் இத்தகைய அறைகள் தோன்றிவிட்டன. நான்கைந்து பேர் உள்ளே செல்வர். மேசை இழுப்பறையில் ஓர் எண், சுவர்ப்படத்தில் ஒரு குறி, பழைய நூலுக்குள் ஒரு சாவி என்று தேடித் தொகுத்து, ஒரு பூட்டிலிருந்து அடுத்த பூட்டுக்குச் சென்று, பெரும்பாலும் அறுபது மணித்துளிக்குள் கதவைத் திறந்து வெளிவர வேண்டும்.

கல்வியாளர் சிலர் இதிலே ஒரு பயனைக் கண்டனர். அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் மருந்தியல் மாணவர்க்காக நீரிழிவு நோயைப் பொருளாகக்கொண்டு அமைக்கப்பட்ட பூட்டறையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2017இல் வெளிவந்தது. அதன்பின் தாதியர், மருத்துவர், பல் மருத்துவர் எனப் பல துறையினரும் இவ்வழியைப் பின்பற்றலாயினர்.

அத்தகைய அறை எவ்வாறு அமையும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். செப்சிஸ் என்பது, உடலில் புகுந்த தொற்றுக்கு எதிராக உடலே நெறிதவறிப் போரிட்டுத் தன் உறுப்புகளைத் தானே சிதைத்துக்கொள்ளும் கொடுநிலை. காய்ச்சல், விரைந்த மூச்சு, தாழ்ந்த இரத்த அழுத்தம், மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். மருந்து தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு இடர். பயிற்சி அறையில் கட்டிலின்மேல் ஒரு பொம்மை உடல் கிடக்கிறது. அதன் கையில் சிவப்புப் பட்டை. பக்கத்தில் நோயாளியின் கைப்பை. பட்டையின் பொருளை உணர்ந்து பையைத் திறப்பவர்க்கே, நோயாளிக்குப் பென்சிலின் ஒவ்வாது என்று கூறும் பழைய மருத்துவச் சீட்டு கிடைக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துப் பெட்டியின் சாவி, குருதி வளர்ப்புச் சோதனைக்குரிய குப்பிகளின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். மருந்து கொடுப்பதற்கு முன்பே குருதி எடுத்தாக வேண்டும் என்பதை அந்தச் சாவியின் இடமே கற்பித்துவிடுகிறது. அடுத்து, நான்கு இலக்கப் பூட்டு. இரத்த அழுத்தம் தாழ்ந்த நோயாளிக்கு உடலெடையில் ஒரு கிலோவுக்கு 30 மில்லிலிட்டர் வீதம் நீர்மம் ஏற்ற வேண்டும் என்பது உலக வழிகாட்டு நெறிகளின் பரிந்துரை. கட்டிலின் காலடியில் தொங்கும் குறிப்பேட்டில் எடை 60 கிலோ. ஆகவே பூட்டின் எண் 1800.

இதனை வடிவமைக்கும் ஆசிரியரின் உழைப்பு எளியதன்று. ஒரு மணி நேரச் சொற்பொழிவைக் காட்டிலும் பன்மடங்கு நேரத்தை அது விழுங்கும். வகுப்பில் விளையாட்டு வைப்பவர் வேலைக்குச் சோம்புபவர் என்று எண்ணும் தலைமையாசிரியர்கள் இதனை அறிவது நன்று.

இனி, மறுப்புக்கு வருவோம். துன்புறும் மனித உடலை விளையாட்டுப் பொருளாக்குவது இழிவு என்பார்க்கு, மருத்துவக் கல்வி தொடக்கக் காலந்தொட்டே பாவனையின்றி நடந்ததில்லை என்று விடை கூறுவர் பலர். சுசுருத சங்கிதை, கத்தி பிடிக்கக் கற்பவன் முதலில் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களை அறுத்துப் பழக வேண்டும் என்றும், கட்டுப் போடுவதற்கு மனித உருவில் அமைத்த பொம்மையைப் பயன்படுத்த வேண்டும் என்றும் விதிக்கிறது. சீனத்தில் சோங் அரச காலத்தில், 1027ஆம் ஆண்டளவில், வாங் வெய்யி என்னும் மருத்துவர் வெண்கல மனித உருவங்களை வார்ப்பித்தார். ஊசி மருத்துவத்துக்குரிய புள்ளிகள் அவ்வுருவில் துளைகளாக அமைந்திருந்தன. தேர்வு நாளில் உருவின்மீது மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே நீர் நிரப்புவர். மாணவன் குத்திய இடம் சரியானால் நீர் கசியும். தவறானால் ஊசி உட்செல்லாது. இதைவிடச் சிறந்த பூட்டறைப் புதிரை இக்காலத்தவரும் அமைத்தார் என்று சொல்வதற்கில்லை. 1960இல் நார்வே நாட்டின் ஆஸ்முண்ட் லார்டால், நின்ற மூச்சை மீட்கும் பயிற்சிக்கென ஒரு பொம்மையை உருவாக்கினார். அவர் தொழிலால் பொம்மை செய்பவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. விளையாட்டுப் பொருள் செய்த கைகளே உயிர் மீட்கும் கல்விக்குக் கருவி தந்தன.

அப்பொம்மையின் முகத்துக்கு ஒரு கதை உண்டு. பாரிஸ் நகரின் செய்ன் ஆற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூழ்கி இறந்ததாகக் கூறப்படும், பெயரறியாத இளம்பெண் ஒருத்தியின் முகத்திலிருந்து எடுத்ததாக வழங்கும் அச்சே அம்முகத்துக்கு மாதிரியாயிற்று. உலகெங்கும் எண்ணற்றோர் அந்த உதடுகளில் மூச்சூதிக் கற்றனர். அவளை எவரும் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. கதை முற்றும் மெய்யோ, அன்றோ, பயிற்சிப் பொம்மைகள் யாவற்றிற்கும் பின்னால் எவரோ ஒருவர் பட்ட மெய்யான துன்பம் மறைந்து நிற்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால், இச்சான்றுகள் மறுப்பை முழுவதும் வீழ்த்திவிடவில்லை. சுரைக்காயை அறுத்தவன் பழகினான், விளையாடவில்லை. பழகுதல் வேறு, விளையாடுதல் வேறு. பழகுபவனின் கண் வரப்போகும் நோயாளிமேல் இருக்கும். விளையாடுபவனின் கண் வெற்றியின்மேல் இருக்கும். டச்சு வரலாற்றறிஞர் யோகான் ஹுய்சிங்கா 1938இல் வெளியிட்ட தம் நூலில், விளையாட்டு என்பது அன்றாட வாழ்விலிருந்து வேலியிட்டுப் பிரிக்கப்பட்ட ஓர் இடத்திலும் காலத்திலும் நிகழ்வது என்று விளக்கினார். அந்த வேலிதான் விளையாட்டின் இன்பத்துக்குக் காரணம். வேலிக்குள் நிகழும் தோல்வி வேலிக்கு வெளியே எவரையும் வருத்தாது. மருத்துவக் கல்வியோ வேலிக்கு உள்ளே கற்றது வெளியே வந்து பயன்பட வேண்டும் என்பதற்காகவே நடப்பது. எனவே, பூட்டறைக்குள் மாணாக்கர் எதைப் பழகுகின்றனர், எந்தப் பழக்கத்துடன் வெளியே வருகின்றனர் என்பதே ஆராய்ச்சிக்குரியது. விளையாட்டு என்ற பெயரைக் கேட்டவுடன் வெகுள்வது போதாது. மாணாக்கர் மகிழ்ந்தனர் என்று கேட்டவுடன் உவப்பதும் போதாது.

முதலில் நன்மையை நோக்கலாம். அமெரிக்க மருத்துவ நிறுவனம் 1999இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் தவிர்த்திருக்கக்கூடிய பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை உயிரிழப்பதாக மதிப்பிட்டது. எண்ணிக்கையைப்பற்றிப் பின்னர்ப் பலர் வாதிட்டனர். எனினும், பிழைகளுட் பல தனிமனிதரின் அறியாமையால் நிகழ்வன அல்ல, கூடிச் செயற்படும் முறையின் குறையால் நிகழ்வன என்ற அவ்வறிக்கையின் கருத்து நிலைத்துவிட்டது.

2005ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்றை இதற்குச் சான்றாகச் சொல்வர். எளிய அறுவை ஒன்றுக்காக வந்த, இரு குழந்தைகளின் தாயாகிய ஒரு பெண்மணிக்கு மயக்க மருந்து கொடுத்த சில நிமிடங்களில் மூச்சுவழி அடைபட்டது. அனுபவம் மிக்க மருத்துவர்கள் சூழ நின்றனர். வாய்வழியே குழாய் செலுத்தும் முயற்சியையே அவர்கள் மீண்டும் மீண்டும் செய்தனர். நேரம் போவதை உணரவில்லை. அங்கிருந்த தாதியருள் ஒருவர் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழிசெய்யும் கருவிகளைக் கொண்டுவந்து, அவை ஆயத்தமாக இருப்பதையும் தெரிவித்தார். அச்சொல் மருத்துவர் செவியில் ஏறவில்லை. செய்ய வேண்டியது இன்னதென்று அத்தாதியர் அறிந்திருந்தும், அதை எவ்வாறு வற்புறுத்திச் சொல்வதென்று அறிந்திருக்கவில்லை. நாள்கள் சில கழித்து அப்பெண்மணி இறந்தார். வானூர்தி ஓட்டியாகிய அவர்தம் கணவர், எவரையும் பழி தூற்றாமல், வானூர்திப் பணியாளர்க்கு அளிக்கப்படுவது போன்ற கூட்டுச் செயற்பாட்டுப் பயிற்சி மருத்துவ உலகுக்கும் வேண்டும் என்று பேசத் தொடங்கினார். அவர் முயற்சியால் பிற்பாடு பல மாற்றங்கள் விளைந்தன.

அந்த அறையில் குறைவாக இருந்தது அறிவா? இல்லை. சொல்லும் துணிவும் கேட்கும் பணிவுமே குறைந்தன. இவற்றைச் சொற்பொழிவால் ஊட்டுவது அரிது. 'இளையவர் சொல்லையும் கேளுங்கள்' என்று கரும்பலகையில் எழுதினால் மாணவன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வான், அவ்வளவே. பூட்டறையிலோ, கூட்டத்தில் மிகக் கூச்சமுள்ள மாணவியின் கையில் சாவிக்குரிய சீட்டு இருக்கும். அவள் மெல்லிய குரலில் இருமுறை சொல்வாள். குரல் உயர்ந்த இருவர் மற்றொரு பூட்டோடு போராடிக்கொண்டிருப்பர். கடிகாரம் ஓடும். பத்து நிமிடம் கழித்து, அவள் சொன்னதே விடை என்பது தெரியவரும்போது அந்த இருவர் முகத்தில் தோன்றும் நாணம் எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம். மூத்த தாதியும் பயிற்சி மருத்துவரும் மருந்தாளுநரும் ஒரே குழுவாக உள்ளே சென்றால் பயன் இன்னும் மிகும். பதவியின் படிநிலை, ஒரு சிறிய பூட்டின்முன் பயனற்றுப் போவதை அவர்கள் ஒருங்கே காண்பர்.

தீமையும் அங்கேயே இருக்கிறது. முன்னர்க் கூறிய 1800 என்னும் எண்ணைக் கருதுக. எடையைக் கண்டு, பெருக்கி, அந்த எண்ணை அடைந்த மாணவனுக்குப் பெட்டி திறக்கும். ஒன்றும் அறியாமல், நூறு, இருநூறு, முந்நூறு என்று திருப்பிக்கொண்டே சென்று பதினெட்டாம் முயற்சியில் அதனை அடைந்தவனுக்கும் அதே பெட்டி திறக்கும். பூட்டுக்கு அறிவுடையவனையும் ஊகிப்பவனையும் பிரித்தறியத் தெரியாது. விளையாட்டில் ஊகித்தல் குற்றமன்று, திறமையென்றுகூடப் போற்றப்படும். நோயாளியின் படுக்கையருகிலோ, ஒவ்வோர் ஊகமும் ஓர் உடலுக்குள் செல்கிறது. தவறான எண்ணைத் திரும்பவும் பூச்சியத்துக்குக் கொண்டுவரலாம். ஏற்றிய மருந்தை இறக்க முடியாது. ஆகவே, தவறான முயற்சிக்கு விலையில்லாத அறை எதுவோ, அது மருத்துவத்தைக் கற்பிக்கவில்லை. அதற்கு மாறானதையே கற்பிக்கிறது. இதனை உணர்ந்த ஆசிரியர்கள், ஒவ்வொரு தவறான எண்ணுக்கும் பொம்மையின் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தியோ, காரணம் கூறாமல் பூட்டைத் தொடக்கூடாது என்று விதித்தோ இக்குறையை ஓரளவு போக்கலாம்.

மற்றொரு தீமை நுட்பமானது. பூட்டறையில் கிடக்கும் பொருள் எதுவாயினும் அதற்கு ஒரு பொருள் உண்டு. அறையை அமைத்தவர் ஒருவர் இருக்கிறார். தேடுபவர் கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். குறிப்புக் கேட்டால் கொடுக்கவும் செய்வார். விடை ஒன்றே, அது நிச்சயமாக உண்டு. மெய்யான நோயில் இவற்றுள் எதுவும் உறுதியில்லை. நோயை யாரும் புதிராக அமைத்து வைக்கவில்லை. அறிகுறிகள் பல ஒன்றையும் சுட்டாமல் போகும். மிகத் தேவையான குறிப்பு எங்குமே இல்லாமற் போகும். இரண்டு சிகிச்சைகளில் எதைத் தேர்ந்தாலும் கேடு விளையும் நிலை வரும். ஒவ்வொரு பூட்டுக்கும் சாவி உண்டு என்று பழகிய மனம், சாவி இல்லாத இடத்தில் தன்னையோ நோயாளியையோ குற்றஞ்சாட்டத் தொடங்கும். இளம் மருத்துவர் பலர் தம் முதல் நோயாளியின் இறப்பில் நொறுங்கிப் போவதற்கு, விடையுள்ள வினாக்களையே பத்துப் பதினைந்து ஆண்டுகள் விடாமல் எழுதிவந்த தேர்வுக் கல்வியும் ஒரு காரணமாகலாம். அப்பழியைப் பூட்டறையின்மேல் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது.

கற்பவரின் நலமும் கருதத்தக்கது. போலந்து நாட்டின் கோஷாலின் நகரில் 2019 சனவரி 4ஆம் நாள், பொழுதுபோக்குப் பூட்டறை ஒன்றில் தீப்பற்றி, வெளியேற வழியின்றிப் பதினைந்து வயதுச் சிறுமியர் ஐவர் உயிரிழந்தனர். விளையாட்டின் வேலி எத்துணை மெல்லியது என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டா. கல்வி நிலையங்களில் கதவைப் பூட்டாமல் பெட்டிகளை மட்டும் பூட்டுவதே முறை. மேலும், கதவு திறந்திருந்தாலும் மனம் பூட்டப்படலாம். உடன் பயில்வோர் முன்னிலையில் தடுமாறுதல், தன் தயக்கத்தால் 'நோயாளி' இறந்தார் என்று அறிவிக்கப்படுதல், விரைந்து முடித்த குழுவின் பெயர் பலகையில் எழுதப்படுதல் ஆகியவை சிலர்க்கு ஊக்கம். சிலர்க்கு ஆறாத புண். பயிற்சிப் பொம்மை இறக்கலாமா என்பதே பயிற்றாசிரியரிடையே நெடுநாளாக நிகழும் வாதம். இறப்பைக் காட்டாவிடில் பொய்யான நம்பிக்கை வளரும் என்பர் ஒரு சாரார். முன்னறிவிப்பின்றிக் காட்டினால் கற்பவர் மனம் மூடிக்கொள்ளும் என்பர் மற்றொரு சாரார். இரண்டாமவர் சொல்லே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. எனினும், முன்னதாகச் சொல்லி, பின்னர் அமர்ந்து பேசவும் நேரம் ஒதுக்கினால் முதலாமவரின் நோக்கமும் நிறைவேறும்.

அமர்ந்து பேசுதல் என்பதையே இம்முறையின் உயிர்நாடி எனலாம். மணி அடித்தபின் பூட்டுகளை ஒதுக்கிவைத்து, 'அந்தப் பெட்டியை ஏன் முதலில் திறந்தீர்கள், அவள் சொன்னதை ஏன் கேட்கவில்லை, உண்மை நோயாளியாயின் என்ன நேர்ந்திருக்கும்' என்று ஆசிரியர் வினவ, மாணாக்கர் தம் செயலைத் தாமே எடைபோடும் நேரம் அது. வேலிக்குள் நிகழ்ந்தது வேலிக்கு வெளியே கடந்து செல்வது அப்பொழுதுதான். நேரமில்லை என்று பல இடங்களில் முதலில் வெட்டப்படுவதும் அதுவே! பின்னுரையாடல் இல்லாத பூட்டறை வெறும் பொழுதுபோக்கு. அதற்குப் பேரங்காடியே போதும். இதுவரை வெளிவந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறு குழுக்களைக்கொண்டு நடந்தவை. மாணாக்கர் விரும்புகின்றனர் என்பதையும், அடுத்து வைக்கும் தேர்வில் கூடுதல் மதிப்பெண் பெறுகின்றனர் என்பதையும் அவை காட்டுகின்றன. மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவர் அதனால் பிழைத்தாரா என்பதைக் காட்டும் சான்று மிகக் குறைவு.

கட்டிலில் கிடப்பவர் என்ற சொல் மற்றொன்றை நினைவூட்டுகிறது. திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுத்து, அவற்றுள் நோயுற்றவனை முதலில் வைக்கிறது. தீர்ப்பவனும் மருந்தும் அருகிருந்து பணி செய்பவனும் பின்னரே வருகின்றனர். பூட்டறையில் மருத்துவர் உண்டு, மருந்து உண்டு, தாதி உண்டு. முதலாமவரோ பொம்மையாகக் கிடக்கிறார். சில அறைகளில் வெறும் காகிதமாக இருக்கிறார். அவரிடம் எவரும் பெயர் கேட்பதில்லை. அவர் அஞ்சுகிறாரா என்று வினவுவதால் எந்தப் பூட்டும் திறப்பதில்லை என்பதை மாணாக்கர் விரைவில் உணர்ந்துகொள்வர். இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. நோயாளியாக நடிக்கப் பயிற்றப்பெற்ற மனிதரைக் கற்பித்தலில் பயன்படுத்தும் வழக்கத்தை ஹோவர்ட் பாரோஸ் 1963இல் கலிபோர்னியாவில் தொடங்கினார். அத்தகைய ஒருவரைக் கட்டிலில் கிடத்தி, மிகத் தேவையான குறிப்பு அவர் வாயில் மட்டுமே இருக்குமாறும், அதுவும் ஒருவர் அருகே அமர்ந்து பொறுமையாகக் கேட்டாலன்றி வெளிவராதவாறும் அறையை அமைக்கலாம். ஓடும் கடிகாரத்தின்கீழ் நாற்காலியை இழுத்துப்போட்டு அமரும் மாணவன் யார் என்பது அப்போது தெரிந்துவிடும்.

அவ்வாறு அமைத்தாலும் அந்த அறைக்குள் அடங்காத ஒரு பகுதி எஞ்சும். தப்பித்தல் என்பதே இவ்விளையாட்டின் பெயரும் நோக்கமும். தாதியின் பணியோ பெரும்பகுதி தப்பிக்காமல் இருப்பது. மருந்து இனிப் பயன்படாது என்று தெரிந்த முதியவரின் அருகில், உறவினர் வரும்வரை, அவர் உதட்டை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டு இரவு மூன்று மணிக்கு நிற்கும் தாதியின்முன் எந்தப் பூட்டும் இல்லை. கண்டுபிடிக்கவேண்டிய எண் எதுவும் இல்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும் அங்கே தகாது. அதனைக் கற்க விரும்பும் மாணவி, மூத்த தாதி ஒருவருடன் இரவுப் பணிக்குச் சென்று, அவர் கைகள் என்ன செய்கின்றன என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.